காதில் கனகாம்பரம்

ரைஃபிள் கிளப்பில் சேர மூன்று மாதம் ஆயிற்று. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. சான்று கொடுத்த டாக்டர் கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி நடுங்குகிறதா என்றும் பார்த்தார். காதைப் பார்க்கவில்லை. அன்றைக்கே ஒரு சோதனை எடுத்திருந்தால், அதற்கப்புறம் எவ்வளவு போயிற்று என்று இன்றைக்குச் சரியாகக் கணக்குச் சொல்லியிருப்பேன். கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில்.

ஆசை பழையது. மாமா கம்மவான்பேட்டைக்காரர். கணியம்பாடி பக்கம் இருக்கும் அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாமாவும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசன்ஸ் எடுத்து ஒரு 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கும் பருவத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். கொல்லையில் பரண் மேல் உட்கார்ந்திருந்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். பன்றி ஓடிவிடும். சின்ன வயதில் அந்தப் பரணில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வேட்டை என்று நினைத்துவிட வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே இடமில்லை, மாமாவும் அந்த விஷயத்தில் கண்டிப்பானவர். சுடுவதென்றால் எனக்குக் குறி அட்டைதான், அதனால்தான் கிளப்.

முதல் நாள், காதில் வைத்துக்கொள்ளக் கோச் பஞ்சு கொடுத்தார். தலைவலித் தைலம் வாங்கினால் கூட வருமே, அந்த மாதிரிப் பஞ்சு. மேலே தகரக் கூரை, இடது பக்கம் சிமெண்ட் சுவர். எனக்குக் கிடைத்தது அந்தச் சுவரை ஒட்டிய கடைசி இடம். குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் பத்து ரவுண்டு. சத்தம் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை, தெருவில் பையன்கள் வைக்கிற ஒற்றை வெடி மாதிரிதான். பக்கத்தில் ஒருவர் .32 பிஸ்டலில் சுட ஆரம்பித்தபோதுதான் பல் கூசியது. நான் எழுந்து பின்னால் போயிருக்க வேண்டும். புது ஆள், பயந்தவன் என்று நினைத்துவிடுவார்களே என்று படுத்தே கிடந்தேன்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும்போது குளத்தில் முங்கி எழுந்த மாதிரி காது அடைத்திருந்தது. ராத்திரி விளக்கணைத்ததும் இடது காதுக்குள் ஒரு சில்வண்டு. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் கேட்டது. மூன்றாம் நாள் தானாக நின்றது, நானும் மறந்துவிட்டேன். தானாக நின்றதால்தான் மறந்தேன். நிற்காமல் இருந்திருந்தால் மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பேன். அப்படி ஞாயிறு தோறும் பஞ்சோடு ஏழெட்டு வாரம் போனேன்.

பிடிபட்டது ஆபீசில். வழக்கமாகப் போனை இடது காதில் வைத்து வலது கையால் எழுதுகிறவன் நான். ஒரு நாள் பார்த்தால் போன் வலது காதில் இருக்கிறது, எழுத முடியாமல் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு திணறுகிறேன். எப்போது மாற்றினேன் என்றே தெரியவில்லை. பேச்சு கேட்கும், ஆனால் ‘பத்து’ என்றார்களா ‘எட்டு’ என்றார்களா என்று திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் வேறு பிரச்சினை. “காது கேக்கலியா, இல்ல கேக்காத மாதிரி இருக்கீங்களா?” இந்தக் கேள்விக்குக் கல்யாணமான எவனாலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

காட்பாடியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அழுக்கை எடுத்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை, ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள் என்றார். டீக்கடை அளவுக்கு ஒரு சத்தமில்லாத அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் கேட்டால் அமுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கேட்கிறதா, கேட்பது போல இருக்கிறதா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். சின்ன வயசுப் பெண் ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார். முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்:

“சார் பட்டாளமா?”

“இல்லைங்களே.”

“அப்போ துப்பாக்கி எங்க சுடறீங்க?”

நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. 250-லிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை இரண்டும் ஒன்றாகவே போகின்றன. 4000-ல் நீலம் மட்டும் கிணற்றில் விழுந்த மாதிரி 55 டெசிபலுக்கு இறங்கி, 8000-ல் மறுபடி மேலே ஏறுகிறது. 25 டெசிபல் வரைதான் சரியாகக் கேட்கிற காதுக்கு எல்லை. வயசானால் கோடு சரிந்துகொண்டே போகுமாம். நடுவில் இப்படிப் பள்ளம் விழுந்து ஏறினால் சத்தத்தில் கெட்ட காது.

இடது காது மட்டும் ஏன் என்றேன். மேஜை மேல் இருந்த நீள ஸ்கேலை எடுத்து என் வலது தோளில் வைத்து, “இதைத் துப்பாக்கின்னு வெச்சுக்குங்க, குறி பாருங்க” என்றார். கன்னத்தைச் சாய்த்தேன். “இப்போ எந்தக் காது முன்னாடி பார்க்குது?” இடதுதான். வலது காது தோள் பக்கம் ஒதுங்கி, தலையின் மறைவில் இருக்கிறது. குழல் முனையிலிருந்து வருகிற சத்தத்தை நேராக வாங்குவது இடது. என் கேஸில் அந்தப் பக்கம் சுவர் வேறு.

உள்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள், அதற்குள் மயிரிழை வைத்த செல்கள். அவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதிர்ந்து சோர்ந்தவை மட்டும் தேறி வரும். சில்வண்டு நின்றது அதனால்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் தேறாமல் போனவை சில இருந்திருக்கின்றன. இரண்டு வாரம் சுடாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார். எந்தச் சோதனைக்கும் முந்தைய 14 மணி நேரமாவது பெரிய சத்தம் எதுவும் கேட்டிருக்கக் கூடாதாம். நான் முதல் தடவை போனது சுட்ட மறுநாள் காலை. இரண்டாவது சோதனையில் 55, 40 ஆகியிருந்தது. அந்த 40 இனி எனக்குச் சொந்தம். இன்னொன்றும் சொன்னார்: வெடிச் சத்தத்துக்குப் பின் காது சட்டென்று கேட்காமல் போனால், தானாகச் சரியாகும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. மருந்து கொஞ்சமாவது வேலை செய்வது முதல் சில நாட்களில்தான்.

அப்புறம் எண்கள். 140 டெசிபலை, ஒரே ஒரு வெடிக்குக்கூட மூடாத காது தாண்டக் கூடாத கோடாக வைத்திருக்கிறார்கள். ஒற்றை வெடி என்று நான் நினைத்த .22 அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. 12 போர் 150-லிருந்து 165 வரை போகும். 140-க்கும் 150-க்கும் பத்துதானே வித்தியாசம் என்றது என் கணக்கப்பிள்ளை புத்தி. இது கூட்டல் கணக்கில்லை. பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு. இதில் பஞ்சு ஏழெட்டு டெசிபல் குறைத்தாலே அதிகம்.

காதை அடைக்கும் ஆரஞ்சு நிற ஃபோம் பிளக் ஒரு பாக்கெட் வாங்கினேன். ஒரு ஜோடி ஒரு டீ விலைதான். பாக்கெட்டில் 32 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தது. அந்த 32 ஆய்வுக்கூடத்தில், சரியாக வைக்கத் தெரிந்தவர்கள் வைத்தபோது வந்த எண். நாம் வைக்கிற லட்சணத்துக்குப் பாதி கிடைத்தால் பெரிது என்றார் அந்தப் பெண். நான் வைத்துக் காட்டினேன். “இது காதுல பூ வெச்ச மாதிரி இருக்கு சார்” என்று சிரித்தார். கண்ணாடியில் பார்த்தேன். பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு, கனகாம்பரம் நிறத்தில், நிஜமாகவே பூ.

பிளக் வைப்பது ஒரு கை வேலை. எண்ணெய் இல்லாத சுத்தமான விரலால் பிளக்கை விளக்குத் திரி திரிப்பது போல உருட்ட வேண்டும், மடிப்பு விழாமல், எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு. வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காது மடலைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுக்க வேண்டும். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டவர்களுக்கு எந்தக் கை எந்தக் காது என்ற குழப்பமே வராது. காதுக்குள் போகும் வழி வளைந்தது, மடலை இழுத்தால்தான் நேராகும். திரியை உள்ளே விட்டு, விரலால் முப்பது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். நான் ஐந்து எண்ணுவதற்குள் விட்டுவிடுவேன், அது பாதியிலேயே உப்பி வெளியே தள்ளிக்கொண்டு வரும். சரியாக அடைத்தால் நம் குரல் நமக்கே பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தித் திறந்து பார்க்கலாம். பொத்தினால் சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. ஒரு வாரம் தினமும் ராத்திரி பழகினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இப்போ நிஜமாவே கேக்காது” என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்கவில்லை, உதட்டசைவில் புரிந்தது.

தகரக் கூரைக்கும் சுவருக்கும் பிளக் மட்டும் போதாது, மேலே காதை முழுக்க மூடுகிற இயர்மஃபும் போட வேண்டும். அதன் எண் 24. 32-ம் 24-ம் 56 என்று இங்கேயும் கூட்டிப் பார்த்து ஏமாந்தேன். எது பெரிதோ அதனோடு ஐந்து சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எலும்பு வழியாகவும் சத்தம் உள்ளே போகிறதே. அந்த ஐந்தும் என் மூக்குக்கண்ணாடியால் ஒழுகியது. தடித்த பிளாஸ்டிக் காம்பு, தலைக்கும் மஃபின் மெத்தைக்கும் நடுவே சந்து விட்டது. மெல்லிய கம்பி ஃபிரேமுக்கு மாறினேன். வலது பக்க மஃப் துப்பாக்கிக் கட்டையில் இடித்துக் கன்னம் சாயும்போதெல்லாம் தூக்கிக்கொண்டது. அதற்குத் தட்டையான கிண்ணம் வைத்த மஃப் தேடி வாங்கினேன். இதெல்லாம் கடைக்காரருக்கும் தெரியவில்லை, சுட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

பிளக், மஃப் இரண்டும் போட்டுப் படுத்தால் கோச்சின் கட்டளை கேட்காது. ‘ஸ்டாப்’ கேட்காமல் சுட்டால் அதைவிட ஆபத்து. அதனால் எங்கள் கிளப்பில் பாதிப் பேர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் இடது காதை, கோச் நிற்பது அந்தப் பக்கம் என்பதால். நான் ஆடியோகிராமை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கோச்சிடம் காட்டினேன். பழைய ஹவில்தார், ரொம்ப நேரம் பார்த்தார். “என்னோடது இதுக்கு மேல இருக்கும்” என்றார். அடுத்த வாரம் விசிலோடு சிவப்புக் கொடியும் வந்துவிட்டது. பஞ்சு போய்விட்டது. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் சுடுவதைப் பார்க்கிற பெற்றோர் மட்டும் இன்னும் வெறும் காதோடுதான் இருக்கிறார்கள். சட்டைப்பையில் நாலு ஜோடி கனகாம்பரம் வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டாலும் கொடுக்கிறேன்.

மிச்சம் மாமா. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அந்த இரண்டு மாதம்தான் அவர் காதுக்கு லீவு. பிளக்கை நீட்டினேன்.

“இன்னா நைனா இது, காதுல பூ வெக்கறதுக்கா? இத்த அடைச்சிகினா பன்னி வர்றது எப்டிக் கேக்கும்?”

அவர் கேட்டது நியாயம். பரணில் காதுதான் கண். அதனால் எனக்கென்று காசு சேர்த்து வாங்கிய எலக்ட்ரானிக் மஃபைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளியே மைக் இருக்கும். மெல்லிய சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி உள்ளே விடும், வெடி வந்தால் அந்த வழி உடனே அடைபட்டு, சாதாரண மஃப் போலக் காதை மூடிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரி பரணில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பேசவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, “எலைங்க ஒரசறது கேக்குதுப்பா” என்றார். அந்தச் சத்தத்துக்கே பன்றி வராமல் போயிற்று.

மஃப் திரும்பி வரவில்லை. போன வாரம் அத்தை போன் செய்தாள். “அந்த மிசினை எடுத்துகினு போயிடு ராசா. நாடகம் பாக்கச்சொல்லோ அத்த மாட்டிகினு குந்திகிறாரு. பூரா ஊரும் கேக்கற மாதிரி டிவி வெப்பாரு, இப்போ சத்தமே இல்ல. எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல.” அது கேட்புக்கருவி கிடையாது, சோதனை செய்து சரியான கருவி வைக்க வேண்டும் என்று காட்பாடிப் பெண் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.