அக்கரையில் பெரியம்மை

டிசம்பர் 19, 2023

வெள்ளம் வந்ததிலிருந்து புன்னக்காயலில் இருக்கும் பெரியம்மையின் போன் அடிக்கவில்லை. இன்றும் இல்லை.

டிசம்பர் 20

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையாம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் தண்ணீர், வழியில் உடைந்த குளங்களின் தண்ணீர், எல்லாம் கடைசியில் தாமிரபரணி முகத்துவாரத்தில் இருக்கும் புன்னக்காயலைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகவேண்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் பார்த்த தண்ணீர் எத்தனை மணிக்கு பெரியம்மை தெருவுக்குள் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். வேறு வேலை ஓடவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட ரயிலிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். டீக்கடையிலும் அதே பேச்சு. ஆற்றின் கடைசி ஊரைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

டிசம்பர் 21

பெரியம்மையின் சுகர் ஊசி மருந்து. நவம்பர் கடைசியில் வாங்கிக் கொடுத்தது இரண்டு குப்பி. ஒன்று தீரப்போகிற நேரம். இன்னொன்று பிரிட்ஜில். பிரிட்ஜ் தரையில்.

டிசம்பர் 22

வந்து சேர்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறாள்.

ஆத்தூர் வழியாக ரோடு இல்லை, அறுந்து கிடக்கிறது. தூத்துக்குடி சுற்றி பழையகாயல் வந்து, அங்கிருந்து வள்ளம். அரிசி மூட்டை, பால் பாக்கெட், தண்ணீர்க் கேன்களுக்கு நடுவில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மடியில் பிளாஸ்க். ஐஸ்கட்டி, அதன்மேல் துண்டு, துண்டுக்குள் குப்பிகள். ஐஸ் நேரே பட்டு மருந்து உறைந்தாலும் கெட்டது, வெயிலில் சூடேறினாலும் கெட்டது. வழியெல்லாம் மூடியை இறுக்கிப் பிடித்தபடி வந்ததில் விரல் மரத்துப்போனது.

உப்பளம் எது, ஆறு எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே செம்மண் நிறம். அலையாத்தி மரங்களில் என் தலைக்கு மேலே சேலைகள் சிக்கித் தொங்கின. ஒரு பள்ளிக்கூடப் பையும் தொங்கியது. யாரும் எதுவும் பேசவில்லை. மணல் ஏறிய இடத்தில் என்ஜினைத் தூக்கிவிட்டு, வள்ளக்காரத் தம்பி கம்பு ஊன்றித் தள்ளினான். முகத்துவாரப் பக்கம் கண்ணைக் காட்டி, "அங்க இழுப்பு இன்னும் அடங்கலக்கா" என்றான்.

பெரியம்மை கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். சுவரில் என் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. கொடியில் துணிக்குப் பதிலாகக் காகிதங்கள்: ஞானஸ்நானச் சீட்டு, பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ், வள்ளத்தின் பதிவுப் புத்தகம். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"வார வழியில நீல வள்ளம் எதுவும் கண்ணுல பட்டுதா மக்கா?"

சுகர் 348.

டிசம்பர் 23

தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் சின்னச் செம்பு, செம்புக்குள் குப்பி, பானைமேல் ஈரச் சாக்கு. ராத்திரியில் மூன்று முறை எழுந்து தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 24

நாளை மறுநாள் என்னோடு பாளையங்கோட்டைக்குக் கிளம்பு என்றேன். நல்லநாளும் பொழுதுமாகவா என்கிறாள். அதற்குப் பிறகு என்றால், வள்ளம் கிடைக்கட்டும் என்கிறாள்.

ஆற்றில் கட்டிப்போட்டிருந்த வள்ளம். ஞாயிறு இரவு கயிறு தெறித்துக் கடலுக்குப் போய்விட்டது. பெரியம்மை மகன், என் அண்ணன், பஹ்ரைனில் மூன்று வருஷம் அடுத்தவன் படகில் மீன்பிடித்துச் சேர்த்த காசில் வாங்கியது. இன்னும் இரண்டு மாதத்தில் வந்து அதில்தான் ஏறப்போகிறான். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் போனை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிறாள்.

டிசம்பர் 25

ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பூசை. ஈரச் சேலை வாசனையும் மெழுகு வாசனையும். குடில் கட்டவில்லை, பாலனை மட்டும் வைத்திருந்தார்கள். பெரியம்மை முழங்காலில் நின்றாள். தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது.

சுகர் 291. இறங்குகிறது!

டிசம்பர் 26

சுனாமி வந்து 19 வருஷம். அன்றைக்கும் இவள் இந்த வீட்டைவிட்டு நகரவில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள். 1992 வெள்ளத்துக்கும் நகரவில்லை. "கடலு வந்துட்டுப் போயிரும், ஆறும் போயிரும், நாம எங்க போறது?" என்று சொல்லிக்கொண்டே காகிதங்களைத் திருப்பிப் போடுகிறாள். இன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

டிசம்பர் 28

சாயந்தரம் ஆற்றுவாய்ப் பக்கம் நடந்தேன். வாடைக்காற்று. கலங்கல் கடலுக்குள் வெகுதூரம் போயிருக்கிறது, அதற்கப்புறம்தான் நீலம் தொடங்குகிறது. பொதிகையில் புறப்பட்டதெல்லாம் இங்கே வந்து கிடக்கிறது. வாழைத்தாரோடு வாழை, கதவு, சிலிண்டர், பனைமட்டை, நெற்கதிர். ஏரல் பக்கத்து வயலாக இருக்கலாம். கொற்கை ஒருகாலத்தில் கடற்கரையில் இருந்த துறைமுகம், இந்த ஆறு மண் கொண்டுவந்து போட்டுப்போட்டுக் கடலைத் தள்ளிவிட்டது என்று வருஷாவருஷம் வகுப்பில் சொல்கிறேன். கதை மாதிரிச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த மண்ணில் கணுக்கால் புதைய நிற்கிறேன். ஒரு ஊரிலிருந்து கடலை எடுத்துக்கொண்டுபோக ஆற்றுக்கு முடியும் என்றால், ஒரு வள்ளம் எம்மாத்திரம்.

நானும் இப்போது நீல நிறத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன். ஒரு நீல டிரம்மைப் பார்த்து ஓடினேன்.

இங்கிருந்து போன வள்ளக்காரர்கள்தான் மேலே ஊர் ஊராக மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். அந்த நேரம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. இதை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும். இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 29

பானை விரிசல் விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் வேறு பானை வாங்கி மாற்றினேன்.

டிசம்பர் 30

அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மா ஊசி போட்டாளா?" என்று மட்டும் கேட்டான்.

பெரியம்மையிடம் இன்னும் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும் என்று.

டிசம்பர் 31

காகிதங்கள் காய்ந்துவிட்டன. வள்ளத்துப் புத்தகத்தில் மை பரவி, எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை. அதை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். 3 போலவும் இருக்கிறது, 8 போலவும் இருக்கிறது. "எனக்கு மனசுல இருக்கு" என்று வாங்கி மடித்து வைத்தாள்.

கால் விரலில் ஒரு புண். எப்போதிருந்து என்று சொல்லமாட்டேன் என்கிறாள். சேற்றில் நின்றிருக்கிறாள். சுகர் 262. புண்ணைப் பார்த்தபிறகு அந்த எண்ணை நம்ப முடியவில்லை.

ஜனவரி 1, 2024

விடிகாலையில் ஆள் வந்து சொன்னார்கள். தெற்கே கரையொதுங்கி ஒரு வள்ளம் கிடக்கிறதாம், நீலமாம், முன்பக்க அணியம் உடைந்திருக்கிறதாம். எண்ணைப் பார்த்துவரத் தம்பி போயிருக்கிறான்.

பெரியம்மை சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பிளாஸ்கில் ஐஸ் போட்டாயிற்று. எந்தப் பக்கம் கிளம்புகிறோம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. காலில் கட்டின துணி நனைந்திருக்கிறது, உட்காரச் சொன்னால்