பிபிஓ என்னும் நாற்பதாண்டுக் கடன்

ஓய்வூதியக் கொடுப்பாணை என்று கோப்பில் எழுதுவோம். பேச்சில் பிபிஓ. சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம் அனுப்ப, ராமநாதபுரம் மாவட்டக் கருவூலம் வழியாக ராமேஸ்வரம், திருவாடானை, கடலாடி என ஏதோ ஒரு சார்நிலைக் கருவூலத்துக்கு வந்து சேரும் சில பக்கத் தாள். பெயர், பிறந்த தேதி, கடைசிச் சம்பளம், அடிப்படை ஓய்வூதியம், தொகுத்துப் பெற்ற பங்கு, குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவர் பெயர், அவ்வளவுதான் அதில் இருக்கும். அரசு வாங்கும் கடன் பத்திரத்தில் எவ்வளவு, எந்த ஆண்டு முடியும், என்ன வட்டி என்று மூன்றும் அச்சாகியிருக்கும். பிபிஓவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அது கடன்தான். ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் இதை நாள்தோறும் கையில் பிடித்துப் பார்க்கிறார்கள். வரி கட்டுகிறவர்கள் ஒருபோதும் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். மண்டபம் ஒன்றியத்தில் 30 ஆண்டு பணி முடித்து 60 வயதில் ஓய்வு பெறும் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதிப் பணிக்காலம் போதும் என்பதால் பாதிச் சம்பளம், அதாவது 40,000 ரூபாய் ஓய்வூதியம். 2025 ஜூலை முதல் கணக்கிட்ட 58 சதவீத அகவிலைப்படி 23,200. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து முன்கூட்டியே வாங்கினால் மாதம் 13,333 குறையும். அதன் ஓராண்டுத் தொகையை எட்டுக்குச் சற்று மேலான காரணியால் பெருக்கி, ஏறத்தாழ 13 லட்சம் கையில் தருவார்கள். பணிக்கொடை 15 மாதச் சம்பளமும் அகவிலைப்படியும், 18,96,000. ஈட்டிய விடுப்பு 240 நாள் சேர்த்து வைத்திருந்தால் அதற்கு எட்டு மாதச் சம்பளம், 10,11,200. ஆக முதல் சில மாதங்களிலேயே அரசு எண்ணி வைக்கவேண்டியது 42 லட்சத்தை ஒட்டி. அதற்குப் பிறகு மாதாமாதம் 49,867 ரூபாய். தொகுத்த பங்கு கழிந்தாலும் அகவிலைப்படி முழு 40,000 மீதுதான் கணக்கிடப்படும். புதிதாக ஓய்வூதியப் பிரிவுக்கு வரும் எழுத்தர்கள் முதலில் தவறுவது இந்த இடத்தில். 15 ஆண்டு முடிந்ததும் தொகுத்த பங்கும் திரும்பச் சேரும்.

பலரும் நினைப்பதுபோல இது அவரிடம் மாதாமாதம் பிடித்த பணம் அல்ல. ஜிபிஎஃப் என்னும் பொது வருங்கால வைப்பு நிதியில் பிடித்தது அவருடைய சேமிப்பு, அது தனியாக வட்டியோடு போய்விடும். 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கான பழைய ஓய்வூதியத்துக்கு ஊழியர் ஒரு பைசா கட்டுவதில்லை, அரசும் அவர் வேலை பார்த்த 30 ஆண்டில் ஒரு பைசா எடுத்து வைப்பதில்லை. அவர் கற்பித்த காலத்தின் செலவு, அவர் வகுப்பில் படித்த பிள்ளைகள் வரி கட்டும் காலத்தில் வந்து நிற்கிறது. அகவிலைப்படி உயர்வும் வட்டி விகிதமும் ஏறக்குறைய சமம் என்று கொண்டால், இன்றைய 63,200 ரூபாயை 82 வயது வரை 22 ஆண்டுக்குப் பெருக்கினால் போதும்: 1 கோடியே 67 லட்சம். ஓய்வு பெறும் நாளில் அந்த ஒரு பிபிஓவுக்காக அரசு கையில் வைத்திருக்கவேண்டிய பணம் அது. கையில் இருப்பது பூஜ்யம்.

82 வயதோடு நின்றுவிடும் என்பதும் இல்லை. 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு தொட்டால் இரட்டிப்பு. அவர் காலமானால் கணவருக்குக் குடும்ப ஓய்வூதியம். அடுத்து, பிழைப்புக்கு வழியில்லாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் ஆயுள் வரை. ஒரே எண்ணில் ஐம்பது ஆண்டைக் கடந்து ஓடும் பிபிஓக்கள் எந்தக் கருவூலத்திலும் உண்டு. மனிதர் நீண்டநாள் வாழ்வது நல்ல செய்தி. அந்த நல்ல செய்திக்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

இப்படிப்பட்ட ஆணைகளெல்லாம் சேரும் கணக்குத் தலைப்பு 2071. 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் ஓய்வூதியம் மற்றும் ஓய்வுக்காலப் பயன்கள் 41,290 கோடி ரூபாய். சம்பளம் 90,464 கோடி. வட்டி 70,754 கோடி. மூன்றையும் கூட்டினால் 2,02,508 கோடி. அந்த ஆண்டின் மொத்த வருவாய் வரவாக மதிப்பிட்டது 3,31,569 கோடி. ரூபாய்க்கு 61 காசு இந்த மூன்றுக்கே போய்விட்ட பிறகுதான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மருந்து, மூக்கையூர் துறைமுகம், அலை ஊரைத் தின்னாமல் தடுக்கும் தூண்டில் வளைவு எல்லாம். கடற்கரை ஊர்களில் தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுத்தவர்களுக்கு 'நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். அந்த நிதிநிலை என்ற சொல்லுக்குள் பெரும்பகுதி இந்த மூன்று எண்கள்தான்.

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்ற எண் வந்தது. ஊரெல்லாம் அதைப் பேசினார்கள். அது அரசு வாங்கிய கடனை மட்டும் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தது. கையெழுத்தாகி ஓடிக்கொண்டிருக்கும் பிபிஓக்களின் வருங்காலச் செலவு அதில் இல்லை, சேர்க்கும் வழக்கமும் இல்லை. நம் அரசுக் கணக்கு முறை ரொக்கம் வெளியே போகும் நாளில்தான் செலவு எழுதும். வாக்குறுதி கொடுத்த நாளில் எழுதாது. குற்றம் ஓய்வூதியம் வாங்குகிறவரிடம் இல்லை, இந்த எழுதாமையில் இருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

வரி கட்டுகிறவர் என்றதும் வருமான வரிக்காரர் முகம்தான் நினைவுக்கு வரும். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் கருவாடு காயவைக்கும் பெண் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதற்குள் ஜிஎஸ்டி 45 ரூபாய் 61 காசு. பாதி, 22 ரூபாய் 80 காசு, மாநிலத்துக்கு. மாநிலம் தானே திரட்டும் வரி 2025-26-இல் 2,20,895 கோடி என்ற மதிப்பீட்டோடு ஓய்வூதியச் செலவை ஒப்பிட்டால் ரூபாய்க்குப் பத்தொன்பது காசை ஒட்டி வரும். பணத்தில் பெயர் எழுதியிருக்காதுதான், ஆனால் விகிதத்தில் பார்த்தால் அந்தப் பெண்ணின் ஒரு ரீசார்ஜிலிருந்து நான்கு ரூபாய்க்கு மேல் 2071-க்கு வருகிறது. அவருக்கு வயதாகித் தகுதி இருந்தால் கிடைக்கப்போவது முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய். அரசு ஓய்வூதியத்தில் மிகக் குறைந்த அடிப்படைத் தொகையே 7,850, அகவிலைப்படி தனி. கடலில் மீன்பிடித் தடை உள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். முதியோர் தொகையும் நிவாரணமும் உயர அறிவிப்பு வரவேண்டும். ஓய்வூதியத்துக்கு வழக்கமாக ஆண்டில் இரண்டு முறை அகவிலைப்படி உயரும். விலைவாசி இரு வீட்டுக்கும் ஒன்றுதான்.

கருவூலத்துக்குள் இந்தப் பணம் எப்படி வீணாகிறது, எப்படி உரியவருக்குப் போகாமல் நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணல் நாளில் கவுன்ட்டரில் கேட்கும் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "ஐயா, ரேகை விழ மாட்டேங்குது." "ஆத்தா, கையைத் தொடச்சிட்டு மோதிர விரலை வைங்க." வயதானால் விரல் நுனித் தோல் தேய்ந்து வழுவழுப்பாகும். கருவிக் கண்ணாடி மீது பெருவிரல் மூன்று முறை தோற்றால் மற்ற விரல்கள், அதுவும் இல்லையென்றால் கருவிழி. கருவிழிக் கருவி இல்லாத இடத்தில் நேரில் வந்தவரை ஆளைப் பார்த்து, பிபிஓ புகைப்படத்தோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதுதான் சரியான வழி. நேரில் வரமுடியாதவருக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க் கட்டணத்தில் டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுப்பார். தீவுப் பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி, ஆனால் இன்னும் பலருக்குத் தெரியாது.

அடுத்தது பெயர். இந்தக் கடற்கரையில் பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் இரண்டும் சேர்ந்த மூன்றாவது. முகமது, முஹம்மது, முகம்மது என்று ஒரே ஆள் மூன்று எழுத்தில் இருப்பார். பணியில் இருக்கும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கணவர் காலமாகிக் குடும்ப ஓய்வூதியம் மாற்றும்போது வங்கிக் கணக்குப் பெயரும் பிபிஓவில் உள்ள மனைவி பெயரும் ஒட்டாமல் மாதக்கணக்கில் நிற்கும். அதைவிட மோசமானது, பழைய பிபிஓக்களில் மனைவியின் பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருப்பது. 80 முடிந்த பிறகும் கூடுதல் ஓய்வூதியம் தானாக ஏறாது, ஏனென்றால் கணினிக்கு வயது தெரியாது. வயதுச் சான்றோடு விண்ணப்பித்து மாநிலக் கணக்காயர் ஒப்புதல் பெறவேண்டும். ஓய்வு பெறும்போது அலுவலகம் ஓய்வூதியக் கருத்துருவை, அதாவது ஓய்வூதியம் கேட்கும் கோப்பை, அனுப்பும்போதே அந்த ஒரு கட்டத்தை நிரப்பியிருந்தால் இருபது வருடம் கழித்து ஒரு கிழவி படியேறவேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கம் மிகைப்பட்டுவாடா. ஓய்வூதியர் இறந்ததைக் குடும்பம் சொல்லாவிட்டால் அடுத்த நேர்காணல் வரை பணம் வங்கிக்குப் போய்க்கொண்டே இருக்கும். மேலே சொன்ன கணக்கில் எட்டு மாதம் என்றால் நான்கு லட்சம். ஏமாற்றும் எண்ணத்தோடு நடப்பது குறைவு. துக்கத்தில் கருவூலம் நினைவுக்கு வராது, ஏடிஎம் அட்டை மகன் கையில் இருக்கும், வந்த பணம் காரியச் செலவுக்குப் போய்விடும். பிறகு அந்தத் தொகையைக் குடும்ப ஓய்வூதியத்தில் தவணையாகப் பிடிக்கும்போதுதான் வீடு கலங்கும். இறப்புப் பதிவும் ஓய்வூதியப் பட்டியலும் மாதந்தோறும் ஒப்பிடப்பட்டால் இதில் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே நிற்கும்.

2003 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 10 சதவீதம் ஊழியர், அதே அளவு அரசு. மத்திய அரசின் தேசிய ஓய்வூதிய அமைப்பில் தமிழ்நாடு சேரவில்லை, பணத்தைத் தானே வைத்துக்கொண்டு ஜிபிஎஃப் விகிதத்தில் வட்டி வரவு வைத்தது. 2020 ஏப்ரல் முதல் அது 7.1 சதவீதம். பணம் போட்டுவைத்த இடத்தில் அதைவிடக் குறைவாக வட்டி வந்தால் இடைவெளியும் வரிப்பணம்தான். ஓய்வு பெற்றவருக்கோ மொத்தமாக ஒரு தொகைதான் கிடைத்தது, மாத ஓய்வூதியம் கிடைக்கவில்லை. ஒன்றியப் பள்ளியிலிருந்து வேறு துறைக்கு மாறியவர்களின் கணக்கில் நடுவே சில மாத வரவு விடுபட்டிருந்தால், பழைய சம்பளப் பட்டியல் எண்ணைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். அரசுக்குச் செலவும் மிச்சமாகவில்லை, ஊழியருக்கு நிம்மதியும் இல்லை என்ற நிலை. பழைய திட்டச் செலவும் உடனே இறங்கவில்லை. 2003 மார்ச்சில் 22 வயதில் சேர்ந்தவர் ஓய்வு பெறுவதே 2041-இல். நடுவில் ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் ஏற்றியது பணிக்கொடைச் செலவை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது, அவ்வளவே. அந்த இரண்டு ஆண்டில் தலா 3 சதவீத ஊதிய உயர்வு இரண்டு ஏறியதால் 80,000 வாங்கியவரின் ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க 2,400 ரூபாய்க்கு மேல் கூடியதுதான் மிச்சம்.

ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தபோது, எல்லா மாநிலமும் அப்படிச் செய்தால் மொத்தச் சுமை தேசிய ஓய்வூதிய அமைப்பின் சுமையைப்போல் 4.5 மடங்கு வரை போகலாம் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதழில் வந்த ஆய்வு சொன்னது. மத்திய அரசு 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. ஊழியர் 10, அரசு 18.5 சதவீதம், 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. தமிழ்நாட்டில் ஐஏஎஸ் அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையிலான ஓய்வூதியக் குழுவுக்குப் பின் 2026 ஜனவரி 3-இல் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி, ஊழியர் பங்கு 10 சதவீதம், மீதி அரசு. ஓய்வூதிய நிதியத்துக்கு ஒருமுறை 13,000 கோடி, அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடி என்று அறிவிப்பில் இருந்தது.

ஊழியருக்கு மாதாமாதம் உறுதியான தொகை வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி அந்த 11,000 கோடியில். சம்பளப் பட்டியல் கருவூலத்தில் கடக்கும் அதே மாதம் அரசின் பங்கும் தனி நிதியத்துக்குப் போனால் அது ஓய்வூதியம். பணம் தட்டுப்பாடாகும் மாதத்தில் தள்ளிவைக்கப்பட்டு, 'அடுத்த காலாண்டில் ஈடுசெய்யப்படும்' என்று குறிப்பு எழுதப்பட்டால் அது மறுபடியும் 2071. பட்ஜெட் புத்தகம் கையில் கிடைப்பவர்கள் முதலில் புரட்டவேண்டியது அந்த இரண்டு பக்கங்களை: பழைய ஓய்வூதியத்துக்கு எவ்வளவு, நிதியத்துக்கு உண்மையிலேயே செலுத்தப்பட்டது எவ்வளவு. மதிப்பீடு என்ற பத்தியை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அச்சாகும் 'கணக்கு' என்ற பத்தியைப் பார்க்கவேண்டும்.