புகாரில் மழையையும் எழுதுங்கள்

நீலகிரியில் ஒரு கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் நான் சர்வீஸ் அட்வைசர். வண்டியைக் கொண்டுவருகிறவர் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது, அதை மெக்கானிக்குக்குப் புரியவைப்பது, சாயங்காலம் பில்லோடு வண்டியை ஒப்படைப்பது. இந்த மூன்றில் முதல் வேலையைத்தான் எங்கள் தொழிலில் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மின்சார எஸ்யூவிகள் மலைக்கு வரத் தொடங்கிய பிறகு, அந்த முதல் வேலை ஒழுங்காக நடந்தால்தான் மற்ற இரண்டுக்கும் அர்த்தம் உண்டு என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

ஒரு ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். கோவை விமான நிலையத்தில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குன்னூருக்கு வந்துகொண்டிருந்தார் ஒரு டாக்ஸி டிரைவர். மேட்டுப்பாளையத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. கல்லாறு தாண்டி ஏறும்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். திரும்பி வந்து பட்டனை அழுத்தினால், வண்டி கிளம்பத் தயார் என்று மீட்டரில் காட்டும் 'ரெடி' வரவில்லை. எத்தனை முறை அழுத்தியும் வரவில்லை. மழையில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் வேறு வண்டிக்குக் காத்திருந்தது. "ஓடிட்டிருக்கிற வண்டி நிறுத்தினா மறுபடி எடுக்காதுன்னு யாருமே சொல்லலீங்களே சார்" என்று அவர் பிறகு என்னிடம் கேட்டபோது, அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

மின்சார வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவர முடியாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். அதனால் தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் அப்போது கோவையில்தான் இருந்தார். எனவே வண்டி மலையிறங்கிக் கோவைக்குப் போனது. மறுநாள் மதியம் அங்கே நல்ல வெயில். பட்டனை அழுத்தியதும் 'ரெடி' வந்துவிட்டது. ஸ்கேனரில் இருந்த கோளாறு எண்ணை (எரர் கோட்) அழித்தார்கள், சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள், 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜாப் கார்டில் வாடிக்கையாளரின் புகார் என்று இருந்தது ஒரே வரி: 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை'. மழை இல்லை, ஏற்றம் இல்லை, மஞ்சள் விளக்கு இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். பேட்டரியில் இருந்து மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள்களுக்கும் வண்டியின் பாடிக்கும் எந்த மின்தொடர்பும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள மின்தடையை வண்டி தானாகவே அளந்துகொண்டே இருக்கும். அது ஓர் அளவுக்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கு வரும். ஓடும் வண்டியைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து என்பதால் ஓட விடும். ஆனால் ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி பேட்டரியை இணைக்காது. உள்ளே இருப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. அந்த ஏற்பாடு சரியானதுதான். தண்ணீர் போகக் கூடாத இடத்துக்கு ஏன் போனது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்பதற்குள் கோவை வெயில் சாட்சியைக் காயவைத்துவிட்டது.

அந்த டிரைவரின் பேச்சு எனக்குள் நின்றுகொண்டிருந்த சமயத்தில்தான் அரவங்காட்டில் இருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். ஓய்வு பெற்றவர். அதே மாடல். கையில் ஒரு நோட்டு. வண்டி எடுக்காத ஒவ்வொரு காலையையும் அதில் எழுதி வைத்திருந்தார். "ராத்திரி மழை. காலை ஏழு மணி. வாசல் சரிவில் மூக்கு மேலே பார்த்து நிறுத்தியது. ரெடி வரவில்லை. பதினொரு மணிக்கு வெயில் வந்ததும் வந்தது." அடுத்த பக்கத்தில் இன்னொன்று: "ராத்திரி மழை. கடை வீதியில் மட்டமான இடத்தில் நிறுத்தியது. எடுத்தது." நான் அதைச் சுருக்கவில்லை. அவர் எழுதியதை அப்படியே ஜாப் கார்டில் எழுதினேன். பிறகு டிரைவரின் பழைய கார்டை எடுத்து, அவரிடம் போனில் மறுபடி கேட்டு, மழையையும் ஏற்றத்தையும் விளக்கையும் பக்கத்திலேயே குறித்துவைத்தேன்.

மூக்கு மேலே என்ற அந்த இரண்டு வார்த்தைதான் வழி காட்டியது. இந்த முறை வண்டியைக் கீழே அனுப்ப மறுத்துவிட்டேன். மேலதிகாரியிடம் பேசி, பயிற்சி பெற்றவரை மலைக்கு வரவழைத்தோம். அவர் முறைப்படி, பேட்டரியின் மின்தொடர்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிவிட்டு, காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து பார்த்து, ரப்பர் கையுறையோடு பின்பக்க மோட்டாருக்கு மேலே இருந்த கனெக்டரைத் திறந்தார். தண்ணீரைத் தடுக்கும் சீல் ரிங் பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் மடிந்திருந்தது. உள்ளே ஒரு பின்னின் அடியில் பச்சைக் களிம்பு, கடுகளவு. வண்டி மேல்நோக்கிச் சரிந்து நிற்கும்போது தண்ணீர் வழிந்து சேர்கிற இடம் அதுதான். டாக்ஸியையும் வரவழைத்துத் திறந்தோம். அதே பக்கம், அதே மடிப்பு.

படங்களோடு அறிக்கை போனது. சில மாதம் கழித்துத் தலைமையகத்தில் இருந்து சுற்றறிக்கை வந்தது: குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகள் சர்வீஸுக்கு வரும்போது அந்தக் கனெக்டரைப் பார்த்து சீலை மாற்றவும். இதற்கு 'சர்வீஸ் கேம்பெயின்' என்று பெயர். ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது என்றால், வெளியில் அறிவிக்க வேண்டும், உரிமையாளர்களுக்குத் தெரிவித்து வரச் சொல்ல வேண்டும். கேம்பெயின் என்றால் வண்டி வந்தால் செய்வோம், வராவிட்டால் உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. இதில் எனக்கு அன்றும் சம்மதம் இல்லை, இன்றும் இல்லை. மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு மறுபடி கிளம்ப மறுக்கும் வண்டி பாதுகாப்புப் பிரச்சினை. அதை வசதிக் குறைபாட்டுப் பட்டியலில் வைக்கக் கூடாது.

நம் நாட்டில் ரீகாலுக்குச் சட்டம் வந்ததே சமீபத்தில்தான். 2012-ல் இருந்து உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தன்னார்வ நெறிமுறை மட்டும் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ பிரிவு சேர்ந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வண்டி ஏழு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். உரிமையாளரே அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். விற்ற வண்டிகளின் எண்ணிக்கையோடு புகார்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, அளவு தாண்டினால் அரசு விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிடலாம். அப்படி உத்தரவு போட வேண்டிய நிலை வந்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம்தான். ஆனால் எண்ணிக்கை என்று வந்தால் மலைக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் பேர். சரிவிலும் தொடர் மழையிலும் மட்டும் தலைகாட்டுகிற ஒரு குறைக்கு நாடு முழுக்க எத்தனை புகார் சேரும்? புகார் சதவீதம் தவிர, சோதனை நிறுவனத்தின் அறிக்கையாலோ வேறு வழியிலோ தெரியவந்தாலும் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த 'வேறு வழி'க்கு எங்கள் ஜாப் கார்டைவிட நல்ல ஆதாரம் எது?

ரீகால் என்றதும் "அந்த வண்டி சரியில்லையாம்" என்று சொல்லிவிடுகிறோம். வாங்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுத் தயங்குகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக்கை எடுத்துக்கொள்வோம். 2019-ல் இந்தியாவில் அறிமுகமாகி, சென்னை ஆலையில் பூட்டப்பட்ட வண்டி. வெளிநாடுகளில் சில வண்டிகள் தீப்பிடித்த பிறகு, 2020 டிசம்பரில் இங்கேயும் 456 வண்டிகளைப் பேட்டரி சோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். கொரியாவில் முதலில் செய்தது சாஃப்ட்வேர் திருத்தம். 2021 ஜனவரியில், அந்தத் திருத்தம் செய்யப்பட்ட ஒரு வண்டியே அங்கு தீப்பிடித்தது. அதற்குப் பிறகுதான் கோனாவோடு வேறு சில ஹூண்டாய் மின்சார வண்டிகளையும் சேர்த்து, உலகம் முழுக்க சுமார் 82,000 வண்டிகளின் பேட்டரியையே மாற்ற முடிவு செய்தார்கள். இதில் நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ரீகால் வேலை முடிந்த வண்டி அதே புகாரோடு திரும்பி வந்தால், "அதான் போன மாசமே பண்ணிட்டோமே" என்று எங்கள் கவுன்டரில் யாரும் சொல்லக் கூடாது. அந்தப் புகார்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மின்சார வண்டி என்றால் எல்லோருக்கும் பேட்டரித் தீதான் பயம். ஆனால் பல ரீகால்களுக்கும் தீக்கும் சம்பந்தமே இருக்காது. டொயோட்டாவின் பிஇசட்4எக்ஸ் 2022-ல் சந்தைக்கு வந்த வேகத்திலேயே சுமார் 2,700 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடும் அபாயம் இருந்தது. ஃபோக்ஸ்வாகன் ஐடி.4-ல் கதவுக் கைப்பிடிக்குள் தண்ணீர் போய் ஓடும்போதே கதவு திறக்கலாம் என்று 2024-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 98,800 வண்டிகள். அதே வருடம் ஜூனில் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 வண்டிகள்: சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் யூனிட் பழுதானால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும் என்பது குறை. போல்ட், தண்ணீர், சின்ன பேட்டரி. பெட்ரோல் வண்டியில் நாம் பார்த்துப் பழகிய இடங்கள்தான்.

அப்புறம், குறையே இல்லாத புகார் என்று ஒதுக்கப்படும் ஒரு வகை இருக்கிறது. ஊட்டியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் கீழே இறங்குகிறவர் சொல்வார்: "ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா நேத்து பிடிச்சுது, இன்னிக்குப் பிடிக்கவே மாட்டேங்குது." காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, கிடைத்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள வண்டி அவ்வளவு இறங்கினால் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில்தான் சூடாக இறங்கும். தை மாத உறைபனிக் காலையில் பேட்டரி குளிர்ந்து கிடந்தால், சார்ஜ் குறைவாக இருந்தாலும் இதே கதைதான்.

இது வண்டியின் இயல்பு, பழுது இல்லை என்பது உண்மை. அதற்காக ஜாப் கார்டில் 'வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்று எழுதி மூடிவிடுவதை நான் ஏற்கவில்லை. நேற்று வரை ஒற்றைப் பெடலில் ஓட்டிப் பழகிய காலுக்கு, முதல் வளைவில் திடீரென்று அந்தப் பிடி இல்லாமல் போகிறது. மீட்டரில் வரும் அறிவிப்போ சிறிய எழுத்தில் ஓரமாக வருகிறது. டெலிவரி கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்ல வேண்டும். மலை மேல் தங்குகிறவர்கள் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கூடவே, புகாரையும் புகாராகவே மேலே அனுப்புகிறேன். அறிவிப்பைப் பெரிதாக்குவது சாஃப்ட்வேரில் முடிகிற வேலை.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம். கோவையிலும் பெங்களூரிலும் ஓடிய மின்சார எஸ்யூவிகள் இப்போது மலைக்கு வருகின்றன. ரீகால் கடிதமும் எஸ்எம்எஸ்ஸும் ஷோரூம் பதிவில் இருக்கும் முதல் உரிமையாளருக்குத்தான் போகும். போன மழைக்காலத்தில் கூடலூரில் இருந்து வந்த ஒரு தம்பி வைப்பர் பிளேடு மாற்றத்தான் வந்தார். சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால் அந்த சீல் வேலை நிலுவையில் நின்றது. "எனக்கு ஒண்ணுமே வரலையேண்ணா" என்றார். வராது. அன்றே செய்து கொடுத்து, அவருடைய போன் நம்பரையும் பதிவில் ஏற்றினோம். என்ன வேலைக்கு வந்தாலும் சேஸிஸ் நம்பரைச் சரிபார்ப்பது அன்றிலிருந்து எங்கள் கவுன்டரில் வழக்கமாகிவிட்டது. வண்டி வைத்திருப்பவர்கள் நாங்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். 'இந்த நம்பருக்கு ரீகாலோ கேம்பெயினோ பாக்கி இருக்கா' என்று நீங்களே கேளுங்கள். ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகள் இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் சென்டரில் ஜாப் கார்டின் ஓரத்தில் நான்கு விஷயங்களைக் கையால் எழுதுகிறோம்: மழையா வெயிலா, ஏற்றமா இறக்கமா, சார்ஜ் எவ்வளவு, வண்டி எந்தப் பக்கம் சரிந்து நின்றது. ஸ்கேனரில் இருக்கும் கோளாறு எண்ணை, படம் எடுத்து வைக்காமல் யாரும் அழிப்பதில்லை. அச்சடித்த படிவத்தில் அந்த நான்குக்கும் இடம் இல்லை. அடுத்த மாதம் மண்டல மேலாளர் வருகிறார். இரண்டு பழைய கார்டுகளையும் டீச்சரம்மாவின் நோட்டின் நகலையும் அவர் முன் வைத்து, படிவத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்லி மறுபடி கேட்கப் போகிறேன்.