முப்பரிமாணமும் மன்னார்குடி பஸ்ஸும்

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் கையில் ஒரு பழைய நிண்டெண்டோ 3டிஎஸ். 2011இல் வந்த, கையில் வைத்து வீடியோ கேம் ஆடும் கருவி. தனிக் கண்ணாடி எதுவும் போடாமலே திரையில் ஆழம் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற பஸ்ஸில் வாங்கிப் பார்த்தேன். வலப்பக்கம் இருக்கும் சின்னக் குமிழை மேலே தள்ளியதும் திரை கிணறு மாதிரி உள்ளே இறங்கியது. சத்தியமாக வாயைப் பிளந்துவிட்டேன். ஆனால் பஸ் குலுங்கும்போதெல்லாம் ஓர் உருவம் இரண்டானது. திரையில் உள்ள மெல்லிய தடுப்பு ஆளுக்கொரு படமாக இரண்டு கண்ணுக்கும் பிரித்து அனுப்புகிறது. தலை கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கு தப்பிவிடும். வடுவூர் வருவதற்குள் குமிழைக் கீழே இறக்கிவிட்டேன்.

"நானும் எப்பவும் ஆஃப்லதான் மாமா வச்சிருப்பேன்" என்றான் பயல்.

2013இல் நிண்டெண்டோக்காரர்களே முப்பரிமாணத்தைக் கழற்றிவிட்டு 2டிஎஸ் என்று விற்றார்கள். அதே விளையாட்டுகள் அதிலும் ஓடின.

எனக்குப் பிடித்த வித்தை வேறு. நிண்டெண்டோவின் இன்னும் பழைய கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு 2003இல் வந்த பாக்டாய் என்ற விளையாட்டு. கேசட்டிலேயே வெயிலை உணரும் சென்சார். ரத்தக்காட்டேரியைச் சுடும் துப்பாக்கிக்கு நிஜ வெயிலில் நின்றுதான் சார்ஜ் ஏற்ற வேண்டும். வெயிலை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் பாதி உயிர் போய்விடும். நம்மூர்ச் சித்திரைக்குக் காட்டேரி ஒன்றுகூட மிஞ்சாது. ஐப்பசி அடைமழையில்தான் திண்டாட்டம்.