கேபிள் மாட்டிய லைட்சேபர்: மூன்று வார ஆட்டக் குறிப்பு

ஸ்டார் வார்ஸ் படங்களின் உலகில் ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடலாம் என்றதும் நண்பர்கள் மூவரும் படத்தின் வில்லன் டார்த் வேடரைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. அந்தக் காலத்தில் முக்கியமான வேலையையெல்லாம் படத்தின் நாயகர்களே முடித்துவிட்டார்கள். நாம் போய் என்ன செய்வது? அதனால் 5000 ஆண்டுகள் பின்னால் போனோம், குடியரசும் இருள் பக்கம் சாய்ந்த சித் பேரரசும் மோதிய பெரும் ஹைப்பர்ஸ்பேஸ் போருக்குச் சற்று முன்பு.

விதிகளுக்கு வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் 1987இல் தொடங்கிய டி6 முறை, இரண்டாம் பதிப்பு. சாதாரண ஆறு முகப் பகடையே போதும் என்பதால் வீட்டிலிருந்த லூடோ பெட்டிகளைக் கவிழ்த்தேன். கதையை நடத்துவது நான். ஆடுபவர்கள் ஆளுக்கு 18 பகடையைத் தம் பாத்திரத்தின் ஆறு பண்புகளுக்குப் பிரித்துக்கொண்டார்கள்; ஒரு பண்புக்கு எத்தனை பகடையோ, அதைச் சோதிக்கும்போது அத்தனை உருட்டலாம்.

முதல் வாரம் சொதப்பல். சித் வரலாற்றை நாற்பது நிமிடம் ஒப்பித்தேன். ஒருவன் தூங்கியே விட்டான்.

அடுத்த வாரம் வரலாற்றை மூடி வைத்துவிட்டுப் பொருள்களைக் கையில் எடுத்தேன். அக்கால லைட்சேபருக்கு, அதாவது ஒளிவாளுக்கு, மின்சாரம் இடுப்பில் கட்டிய பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக வரும். கேபிளை வெட்டினால் வாள் அணையும் என்று நானாக ஒரு விதி சேர்த்தேன். ஒளிவாள் ஏந்தும் ஜெடாய் வீரனாக ஆடியவன் சார்ஜர் ஒயரைச் சட்டைக்குள் விட்டு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் யாரும் ஒயர் இருந்த அவன் இடப்பக்கம் எதிரியை விடவே இல்லை.

விண்வழி இன்னும் சுவாரசியம். பயணத்தில் ஒரு மணி நேரம் குறைத்தால், பகடைகளின் கூட்டுத்தொகை எட்ட வேண்டிய எண் ஒன்று கூடும் என்பது டி6 விதி. நான் வைத்தது 15. எங்கள் பைலட் ஐந்து மணி நேரத்தைக் குறைத்து 20 ஆக்கினான். கையில் இருந்ததோ நான்கு பகடை. மூன்றில் ஆறு, ஆறு, ஐந்து. நான்காவதுதான் வைல்ட் டை எனும் தனிப் பகடை, ஒன்று காட்டியது. அதில் ஒன்று விழுந்தால் வில்லங்கம். கப்பல் போய் நின்றது சித் எல்லைக்குள். ஸ்டார் வார்ஸ் காமிக்ஸில் டாராகன் உடன்பிறப்புகள் குருட்டுத்தனமாகப் பாய்ந்து மாட்டிக்கொண்டதும் அங்கேதான். நான் திட்டமிடவில்லை, சத்தியமாக!

மூன்றாம் வாரம் இழப்பு. கைதியைப் பேச வைக்க ஜெடாய், ஃபோர்ஸ் எனும் மாய சக்தியால் கழுத்தை நெரித்தான். தீச்செயலுக்கு விழும் டார்க் சைட் (இருள் பக்க) புள்ளி, அவனுக்கு இது இரண்டாவது. புள்ளி ஏறும்போதெல்லாம் ஒரு பகடை உருட்ட வேண்டும். புள்ளியைவிடக் குறைவாக விழுந்தால் ஆள் இருள் பக்கம். முதல் புள்ளிக்கு ஆபத்தே இல்லை. இரண்டாவதில் ஒன்று விழுந்தால் போச்சு. தம்ளரில் குலுக்கிக் கவிழ்த்தான். கொஞ்ச நேரம் தம்ளரைத் தூக்கவே இல்லை.

ஒன்று.

விதிப்படி அந்தப் பாத்திரம் இனி என் கையில். தாளைத் தந்தவன், ஒயரை மட்டும் தரவில்லை. "கேபிள் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்டா" என்றான். அடுத்த வாரத்துக்குப் புது ஆள் தயாராகிறான், குறிபார்த்துச் சுடுவதில் 6டி, அதாவது ஆறு பகடை.