மாரோவிண்ட்: 7 செல் தூரம் என் தாளில் 11 ஆனது

மூன்றாவது தாளும் தப்பு. மாரோவிண்ட் கணினி விளையாட்டில் சேடா நீன் என்ற ஊரிலிருந்து பால்மோரா என்ற ஊருக்கு மேப்பைத் திறக்காமல் நடந்து, பாதையை கிராஃப் தாளில் வரைந்துகொண்டே போனேன். ஒரு கட்டம், ஒரு செல் (விளையாட்டு தன் நிலத்தைப் பிரிக்கும் சதுரத் துண்டு). பால்மோரா 11 கட்டம் வடக்கே போய் உட்கார்ந்தது. அப்புறம் விளையாட்டின் எடிட்டரான கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் பார்த்தால் சேடா நீன் (-2, -9), பால்மோரா (-3, -2). வெறும் 7 செல்.

முதல் இரண்டு தாள் கெட்டதற்குக் காரணம் என் அளவுகோல். நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடுகிறேன். ஓடினால் அத்லெட்டிக்ஸ் என்ற திறன் ஏறும், அது ஏற ஏற ஓட்டமும் வேகமாகும். பாதி வழியிலேயே கணக்கு மாறிவிடுகிறது. அதனால் இந்த முறை முழுக்க நடை. சுமை கூடினாலும் நடை தளரும் என்பதால் வழியில் ஒரு காளான்கூடப் பறிக்கவில்லை. விளையாட்டின் கட்டளைப் பெட்டியான கன்சோலில் செல் எல்லைக் கோட்டைப் போட்டு, சமதளத்தில் ஒரு செல்லை நேராகக் கடந்து பார்த்தேன்: 61 விநாடி. மூன்று முறை நடந்தும் அதேதான். இந்த அளவுகோலில் எனக்கு முழு நம்பிக்கை.

ஆக, இந்த முறை தப்பானது தூரத்தில் இல்லை, வளைவில். மேட்டைச் சுற்றிப் பாதை திரும்புகிற இடங்களையெல்லாம் உண்மையைவிட நேராக வரைந்திருக்கிறேன். ஒரு செல் 8192 அலகு. 70 அலகை ஒரு மீட்டர் என்று வைத்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது! ஆனால் நடக்கிறவருக்கு அது ஒரு பயணம்.

சரி, விளையாட்டில் தூரத்தை மறைக்கும் பனிமூட்டத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மாரோவிண்டை ஓட்டும் புது எஞ்சினான ஓப்பன்எம்டபிள்யூவில் பார்வைத் தூரத்தைக் கூட்டி அதே பாதையில் போனேன். பெலாகியாட் ஊர்ப் பக்கத்து மேட்டில் ஏறியதும் தண்ணீருக்குள் படிப்படியாக நிற்கும் விவெக் நகரத்தின் கட்டடங்கள் தெரிந்தன. விளையாட்டு நடக்கும் வார்டன்ஃபெல் ஒரே நொடியில் சின்னத் தீவாகிவிட்டது. 2002-இன் கணினிகளுக்காக வைத்த மூட்டம்தான் அது, ஆனாலும் அந்தத் தீவைப் பெரிதாக்கியதில் பாதிப் பங்கு அதற்குத்தான். அழகுக்காக அதை எடுத்துவிட்டு விளையாடுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆர்க்ன்தாண்ட் என்ற இடிபாட்டுக்கு விளையாட்டு வழி சொல்வதும் இந்த மூட்டத்தை நம்பித்தான். மூன்மோத் கோட்டையைத் தாண்டு, ஃபோயாடா மமேயா என்ற பள்ளத்தாக்கின் மேல் இருக்கும் பழைய ட்வெமர் (மறைந்துபோன ஓர் இனம்) பாலத்தைக் கட, அவ்வளவுதான். மூட்டத்துக்குள்ளிருந்து பாலம் திடீரென்று முளைக்கும்போது ‘இதுதான்’ என்று மனம் சொல்லும். குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் பாறைக்குள் கதவு திறக்கும். முழுத் தூரமும் தெரிந்தால் அந்தப் பாலத்தைத் தேடவே வேண்டாம்.

கடையில் ஏ3 கிராஃப் தாள் தீர்ந்துவிட்டது, ஏ4-ஐ ஒட்டித்தான் ஓட்டுகிறேன். ஒட்டுகிற இடத்தில் அரைக் கட்டம் நழுவுகிறது, ட்ரேசிங் தாளுக்கு மாறலாமா என்று யோசனை. பால்மோரா தாளைத் திருத்தும் முன்பே அடுத்ததில் கை வைத்துவிட்டேன்: ஃபோயாடா மமேயா வழியாகக் கோஸ்ட்கேட் கோட்டை வரை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், அதிகம் திரும்ப இடமில்லை. இங்கேயாவது கட்டக் கணக்கு ஒத்துவர வேண்டும்.