ஒன்றும் ஆகாதும்மா

“போன்ல பார்த்துச் சொல்ல முடியாதும்மா” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போனில் யாராலும் எதையும் பார்க்க முடியாதுதான். ஆனால் அந்த அம்மா கேட்டது வேறு.

“அன்னிக்குப் போன்ல பேசின தம்பிக்கு இது தெரிஞ்சிருக்காதா?” என்றுதான் கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் முன்மூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அதிலுள்ள எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற காற்றுக் கலத்தின் வால்வில் கால் பம்பை மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே பதில் சொன்னேன். அன்றைக்குப் போனில் பேசியவன் நான்தான்.

குளிர் மாதங்களில் எங்களுக்கு முறை வைத்து ஒரு வாரம் போன் வேலை வரும். வருகிற அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். தண்ணீரின் பிரஷர் இறங்கிவிட்டது, பாய்லர் நின்றுவிட்டது, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சில்லென்று கிடக்கிறது. பெரும்பாலான பாய்லர்கள், பிரஷரை அளக்கும் ‘பார்’ கணக்கில் சுமார் 0.5-க்குக் கீழே போனால் தானாக நின்றுகொள்ளும். தண்ணீர் இல்லாமல் பர்னர் எரிந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. போனிலேயே சொல்லிக்கொடுத்துத் தண்ணீரை ஏற்றவைத்தால் பத்து நிமிடத்தில் வீடு சூடாகத் தொடங்கிவிடும். ஆள் அனுப்பினால் நாளையோ மறுநாளோதான். அதனால் போனிலேயே முடிப்பதுதான் நல்லது என்று நம்பினேன். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

அந்த அம்மாவின் பாய்லரில் பிரஷர் காட்டும் முள் 0.3-இல் நின்றது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், குரலில் தெரிந்தது. ஆனால் சொன்னதை அவ்வளவு கவனமாகச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாய்லரை அணைத்து ஆறவிடச் சொன்னேன். அடியில் பின்னல் உறை போட்ட ஹோஸ் இருக்கிறதா, அதன் இரண்டு முனையும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரு வால்வை முழுதாகத் திறந்து, அடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொன்னேன். “உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது தம்பி” என்றார். முள் 1.3 வந்ததும் இரண்டையும் மூடவைத்து, ரீசெட்டை அழுத்தச் சொன்னேன். பர்னர் பற்றிய சத்தம் எனக்கே போனில் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் அவர் ஒன்று சொல்லியிருந்தார். “இது மூணாவது தடவை. காலையும் சாயங்காலமும் முள்ளு எங்க நிக்குதுன்னு நோட்ல எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டுமா?”

“வேண்டாம்மா. இப்போ எவ்வளவு காட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

வேலை முடிந்ததும் இன்னொன்று கேட்டார். “மறுபடியும் இறங்கினா?”

“மறுபடியும் இப்படியே ஏத்திக்கோங்க. ஒண்ணும் ஆகாதும்மா.”

இதில் எந்தப் பதில் அதிகத் தப்பு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதலில் நோட்டைப் படிக்கவிடாததுதான் என்று நினைத்தேன். இப்போது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் எங்களைக் கூப்பிடவே இல்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று தொழில் தெரிந்தவன் சொல்லிவிட்டான், அவர் நம்பிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து, வருடாந்திர சர்வீஸுக்கான பட்டியலில் அவர் வீடு எனக்கு வந்தது. தற்செயல்தான். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது பாய்லருக்கு நேர் கீழே நான்காக மடித்துப் போட்டிருந்த ஒரு பழைய துண்டு. பக்கத்தில் ஒரு டார்ச். சுவரோரமாக, பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு சின்ன ஸ்டூல். எங்கோ ஒழுகுகிறதோ என்று துண்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. “அது முட்டிக்கு தம்பி. தரை ஜில்லுன்னு இருக்கும்ல” என்றார்.

முள் இறங்கிய விடியற்காலைகளில் எல்லாம் அங்கே மண்டியிட்டு வால்வைத் திருகியிருக்கிறார்.

அப்போதுதான் நோட்டைக் கேட்டு வாங்கினேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. காலைக்கு ஒரு பத்தி, மாலைக்கு ஒரு பத்தி, தண்ணீர் ஏற்றிய நாளுக்கு ஒரு சுழி. முதல் தடவை ஏற்றியது ஒன்பது நாள் தாங்கியிருக்கிறது. அடுத்தது ஆறு நாள். அந்த மூன்றாவது சுழி நான் பேசிய நாள். அதன்பின் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று குறுகிக்கொண்டே வந்து, கடைசிப் பத்து நாளும் சுழி. என் போனுக்குப் பிறகு 21 தடவை ஏற்றியிருக்கிறார்.

மாலைப் பத்திதான் என்னை உட்காரவைத்துவிட்டது. 2.4, 2.6, 2.7, 2.9. காலையில் ஒன்றுக்கும் கீழே, சூடாக இருக்கும்போது மூன்றைத் தொட்டுக்கொண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் சூடானால் விரியும். வீட்டின் குழாய்களிலும் ரேடியேட்டர்களிலும் சேர்த்து 100 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே கூடும். மூடிய அமைப்பில் அந்த 2 லிட்டர் போக இடம் வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல். நடுவில் ரப்பர் திரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் விரியும்போது காற்று சுருங்கி இடம்கொடுக்கும். அந்தக் காற்று வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விட்டால் இடம்கொடுக்க எதுவும் மிஞ்சாது. பிரஷர் விர்ரென்று ஏறும். 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து, அதிகப்படித் தண்ணீரை வெளிச்சுவர்க் குழாய் வழியாகத் தள்ளிவிடும். இரவில் ஆறியதும், வெளியே போன அளவுக்கு உள்ளே குறை. காலையில் முள் கீழே. அந்த அம்மா மண்டியிட்டு அதை நிரப்புவார். மாலையில் அது மறுபடி வெளியே போகும்.

வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. வெளியே போய்ப் பார்த்தேன். குழாய் முனைக்குக் கீழே சுவரில் வெள்ளையாகத் தாரை இறங்கியிருந்தது.

நான் போனில் பேசிய நாளில் அந்த நோட்டில் 15 நாள் கணக்கு இருந்தது. நாளுக்கு இரண்டாக 30 எண்கள். வாய்விட்டுப் படித்தால் ஒரு நிமிடம். இதை நான் பின்னால் ஒருநாள் தனியாக உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் படித்தே கணக்கெடுத்தேன். 50 விநாடிதான் ஆனது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எண்களைச் சொல்கிறேன் என்பவர்கள் எல்லோரிடமும் எண்கள் இருப்பதில்லை. நோட்டைத் தேடுவார்கள், கண்ணாடியைத் தேடுவார்கள், முள்ளைப் பார்த்தேன் என்று வெந்நீர் வெப்பநிலையைப் படிப்பார்கள். வரிசையில் கைக்குழந்தையோடு குளிரில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள். அன்றிரவு அவர் வீடு சூடாக வேண்டும், சூடானது. பாய்லர் கையேடுகளிலும் வீட்டுக்காரரே தண்ணீர் ஏற்றலாம் என்றுதான் இருக்கும். நான் சொன்னது அதைத்தான்.

ஆனால் கையேட்டில் அந்த வரி அங்கே நிற்பதில்லை. அடிக்கடி ஏற்ற வேண்டிவந்தால் ஆளைக் கூப்பிடுங்கள் என்று தொடரும். அந்தப் பிற்பாதியை நான் சொல்லவில்லை. அவர் குரலில் ஒரு பயம் இருந்தது, அதைப் போக்க வேண்டும் என்றுதான் ‘ஒண்ணும் ஆகாது’ என்றேன். அது உண்மை. போனைச் சீக்கிரம் வைக்க வேண்டியிருந்ததும் உண்மை. எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

என்ன ஆகிவிட்டது என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடவைக்கு ஒரு லிட்டர் என்றால் 21 லிட்டர் புதுத் தண்ணீர். புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜன் வரும், ரேடியேட்டரின் உள்சுவர் இரும்பை அரிக்கும், அது கருஞ்சேறாக மாறிச் சுற்றும். அரிப்பைத் தடுக்க ஊற்றிய இன்ஹிபிட்டரும் நீர்த்துப்போகும். அந்தச் சேற்றைப் பிடித்துவைக்கும் காந்த வடிகட்டியைத் திறந்தபோது கறுப்பு இருந்தது. ஆனால் அவ்வளவும் ஆறு வாரத்தில் சேர்ந்ததாக இருக்க முடியாது. அதில் பெரும்பகுதி பல வருடத்தது. கணக்குப்படி பார்த்தால் என் வாக்கியம் அந்த பாய்லருக்குப் பெரிய கெடுதல் எதையும் செய்யவில்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மறுநாள் அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. முட்டியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பழுது நீக்கியது சுலபமான வேலை. தண்ணீர்ப் பக்கத்தை முழுக்க வடித்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். அப்படிச் செய்யாமல் காற்றை அளந்தால், நாம் அளப்பது மறுபக்கத் தண்ணீரின் அழுத்தத்தைத்தான். அவசரத்தில் பலர் தவறுகிற இடம் இது. வெசலின் வால்வு கார் டயர் வால்வு மாதிரியே இருக்கும். ஊசியை அழுத்தினேன். தண்ணீர் வந்திருந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, வெசலையே மாற்ற வேண்டும். கொஞ்சம் காற்று மட்டும் பெருமூச்சு மாதிரி வந்தது. ரப்பர் நன்றாக இருக்கிறது, காற்றுதான் போயிருக்கிறது. பம்பால் மிதித்து 1 பார் ஏற்றினேன். தினமும் திறந்து திறந்து மூடிய சேஃப்டி வால்வு இனி சரியாக உட்காராது என்பதால் அதையும் மாற்றினேன். இன்ஹிபிட்டர் ஊற்றினேன். குளிர்ந்த நிலையில் 1.2.

பம்பை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ‘அது நான்தாம்மா’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார் என்று தோன்றியது. ‘பரவாயில்ல தம்பி, உனக்கு எத்தனை போன் வந்திருக்கும்’ என்பார். அந்த மன்னிப்பை வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இது ஒரு காரணம். நிறுவனத்துக்குப் புகார் போய்விடுமோ என்ற எண்ணமும் அந்த நொடியில் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது “இன்னும் எழுதணுமா?” என்று நோட்டைக் காட்டிக் கேட்டார். வாரத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும், 1-க்குக் கீழே போனால் ஏற்றாமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்றேன். 1.2 என்று எழுதி, நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

இந்தக் குளிர்காலத்தில் மறுபடி என் போன் வாரம் வந்தது. மூன்றாம் நாள் மாலை ஒருவர், குறித்து வைத்திருக்கிறேன் என்றார். “படிங்க சார்” என்றேன். படித்தார். ஒரே மாதிரியான எண்கள், 1.1, 1.1, 1.0. நடுவில் ரேடியேட்டரில் அடைபட்டிருந்த காற்றைத் திறந்துவிட்டதையும், அதன்பிறகுதான் முள் இறங்கியது என்பதையும் சாவகாசமாகச் சொன்னார். காற்றைத் திறந்துவிட்டால் பிரஷர் இறங்கத்தான் செய்யும், ஒருமுறை ஏற்றினால் தீர்ந்தது. இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் குறுக்கிடவில்லை. திரையில் ஏழு பேர் காத்திருந்தார்கள், அதில் ஒருவர் 20 நிமிடமாக. பிறகு அவரிடம் பேசியபோது வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதாகச் சொன்னார். அவருக்கு நான் செய்தது நியாயமா என்று தெரியவில்லை. இவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார், கடைசி எண் வரைக்கும்.